ஒரே கொழுந்துக்கு எத்தனை பெயர்கள்? நீலகிரிப் பெண்களின் வேலையும் அதைக் குறிக்கும் சொற்களும்

மலைப்பாதை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பெண்களின் வேலைக்கும் அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அடையாளத்துக்கும் உள்ள உறவைக் குறித்த என் கள ஆய்வுக்காகச் சில மாதங்களாகக் கோத்தகிரி, குன்னூர், பந்தலூர் வட்டாரங்களில் வீடுவீடாகச் சென்று வருகிறேன். என் வினாப்படிவத்தில் பெயர், வயது, படிப்பு ஆகிய மூன்றையும் கேட்ட பிறகு நான்காவதாக வரும் கேள்வியில் நான் ஒவ்வொரு நாளும் இடறுகிறேன். "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல், தன் வீட்டுத் தோட்டத்து இலையைச் சாக்கில் அமுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டேன். "நான் வேலைக்கெல்லாம் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்றார். அவர் கையில் இருந்த கொழுந்தைப் பார்த்துக்கொண்டே அந்த விடையை எழுதினேன். எழுதிய கணம் முதல் அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

தேசிய மாதிரி ஆய்வுகளில் ஒருவரின் வேலைநிலையைக் குறிக்க எண்கள் உண்டு. தோட்ட நிர்வாகத்தின் பதிவேட்டில் பெயருள்ள நிரந்தரத் தொழிலாளி கொழுந்து பறித்தால் அவருக்கு 31. பக்கத்து நிலத்தில் தினக்கூலிக்குப் பறித்தால் 51. தன் குடும்பத்து நிலத்தில் கூலியின்றிப் பறித்தால் 21, அதாவது குடும்பத் தொழிலில் உதவியாளர். அதே பெண் "வீட்டில் இருக்கிறேன்" என்று சொல்லி, கேட்பவரும் மேலும் துருவாமல் விட்டால் 92, அதாவது வீட்டு வேலை மட்டும் செய்பவர். முதல் மூவரும் உழைக்கும் மக்கள் தொகையில் சேர்கிறார்கள், நான்காமவர் சேர்வதில்லை. செடியும் ஒன்று, விரலும் ஒன்று, பறிக்கும் இரண்டு இலையும் மொட்டும் ஒன்று.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1000 ஆண்களுக்கு 1042 பெண்கள் இருந்த மாவட்டம் இது. இங்கே பாதிக்கு மேற்பட்டோரின் வேலையை எப்படிக் கேட்பது என்பது சிறிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. கேள்வியை மாற்ற வேண்டுமா, அல்லது அந்த அம்மா சொன்ன விடையை அவர் தம்மைப் பற்றிச் சொன்ன உண்மையாகவே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? மலையில் வாழ்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எண்கணக்கன்

உங்கள் சிக்கல் கேள்வியில் இல்லை, கேட்கும் முறையில் இருக்கிறது என்பது என் கருத்து. முதல் விடையை அப்படியே எழுதிக்கொண்டு திரும்பும் களப்பணியாளர் எந்தப் படிவத்தையும் கெடுத்துவிடுவார். "கடந்த ஓராண்டில் உங்கள் குடும்பத்து நிலத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ வேலை செய்தீர்களா?" என்று துணைக் கேள்வி கேட்டிருந்தால் அந்த அம்மா 21இல் வந்திருப்பார்.

அகில இந்திய எண்களைப் பார்த்தால் இது விளங்கும். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைக்கும் மக்கள் தொகையில் இருப்பவர்களின் விகிதம் 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்தது. 2023-24இல் அது 41.7 சதவீதம். ஆறே ஆண்டுகளில் இவ்வளவு பெண்கள் புதிதாக வேலைக்குக் கிளம்பிவிட்டார்களா என்று பலரும் வியக்கிறார்கள். கூடியதில் பெரும்பகுதி கிராமப்புறச் சுயதொழிலிலும், குறிப்பாகக் கூலியில்லாக் குடும்ப உதவியாளர் என்ற 21ஆம் எண்ணிலும் இருக்கிறது. நெருக்கடியால் பெண்கள் நிலத்துக்குத் திரும்பினார்கள் என்போரும் உண்டு, முன்பு விடுபட்டவர்கள் இப்போது பிடிபட்டார்கள் என்போரும் உண்டு. எப்படியிருந்தாலும், துருவிக் கேட்டால் விடை மாறும் என்பது தெளிவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் இருநூறு ஆண்டுத் தரவுகளைத் தோண்டியபோது செய்த முதல் வேலைகளில் ஒன்று இதுவே. பழைய பதிவேடுகளில் "மனைவி" என்று மட்டும் எழுதப்பட்டிருந்த பெண்கள் பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் உழைத்தவர்கள் என்பதை அவர் கணக்கில் கொண்டுவந்தார். அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் பெண்களின் பங்கேற்பு முதலில் இறங்கிப் பின்னர் ஏறும் வளைகோடு தெரிந்தது. திருத்த வேண்டியது தரவை. அடையாளம் பற்றிய தத்துவத்தை அதில் கலந்தால் ஆய்வு குழம்பும்.

ஹட்டிப் பெண்

நான் படகர் சமூகத்தைச் சேர்ந்தவள். எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. உங்கள் படிவம் என் வீட்டு வாசலுக்கு வந்திருந்தால் நானும் "வீட்டில்தான் இருக்கிறேன்" என்றே சொல்லியிருப்பேன். அது தெரியாமல் சொல்லும் விடை அன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், எண்கணக்கன் ஐயா மன்னிக்க வேண்டும்.

எங்கள் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், "வேலைக்குப் போகிறாள்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்தான் உண்டு. ஒன்று, படித்து அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ போகிறாள் என்பது. மற்றது, பிறர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள் என்பது. முதலாவது பெருமை. இரண்டாவது, கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில் நடப்பது. சொந்தத் தோட்டத்தில் இலை பறிப்பது இரண்டிலும் சேராது. என் மாமியார் காலையில் மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு, எட்டு மணிக்குத் தோட்டத்தில் இறங்கி, பகலில் ஏஜென்ட் வண்டி வருவதற்குள் இலையை மூட்டை கட்டி, மாலையில் வேறு தோட்டத்தில் கவ்வாத்து செய்த, அதாவது செடியின் கிளைகளை வெட்டிவிட்ட, குச்சியை விறகுக்குப் பொறுக்கிக்கொண்டு வருவார். கேட்டால், "சும்மா இருக்கிறேன்" என்பார். அந்தச் "சும்மா"வுக்குள் ஒரு கௌரவம் இருக்கிறது. எவருடைய ஏவலுக்கும் நான் கட்டுப்பட்டவள் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே என்னை 21 என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் "உதவியாளர்" என்ற சொல்லைப் படித்துக் காட்டினால் கோபம் வரும். யாருக்கு உதவி? பட்டா மாமனார் பெயரில் இருக்கிறது. இலை விற்ற பணம் என் கணவரின் கணக்குக்கு வருகிறது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை தோட்டம் முழுவதையும் சுற்றி வருபவள் நான். எனக்குத்தான் அவர்கள் உதவியாளர்கள்.

நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது இன்னொரு விந்தையைப் பார்த்தேன். பிறர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகக் கூசும் பெண்கள், அந்த வேலைக்கு மட்டும் தலை நிமிர்ந்து போனார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, கொடுப்பது அரசாங்கம், பணம் வருவது அவரவர் பெயரில் உள்ள கணக்குக்கு. குனிந்து மண் அள்ளுவது அங்கேயும் அதே குனிதல்தான்.

பந்தலூர் பாடி

அக்கா சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கம் அந்தச் "சும்மா" கிடையாது. எங்களுக்கு வேலை என்பதுதான் பெயரே.

1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அப்படி வந்தவர்களில் என் தாத்தா, பாட்டி இருவரும் அடக்கம். வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் தமிழக அரசு தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அதில் சேர்ந்தவர்கள் உண்டு, எங்களைப் போல வேறு தோட்டங்களில் ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. அங்கே "இந்தியாக்காரர்", இங்கே "சிலோன்காரர்" என்று இரண்டு கரையிலும் அந்நியப் பெயர். இடையில் மாறாமல் நின்ற பெயர் "தோட்டத் தொழிலாளி" மட்டும்தான்.

என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே தோட்டத்தில் கொழுந்து பறித்தார். எந்தத் தோட்டம் என்பது இங்கே தேவையில்லை. பதிவேட்டில் அவர் பெயர் இருந்தவரை பாடியில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், எங்களுக்கு வீடு, மருந்தகம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் இருந்தன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கொடுத்தவை அவை. 50 பெண்கள் வேலை செய்தாலோ, அவர்களுக்கு 20 பிள்ளைகள் இருந்தாலோ பிள்ளைக் காப்பகம் நடத்த வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதியாக இருந்தது. அம்மா ஓய்வு பெற்ற மாதத்தில், "வீட்டை எப்போது காலி செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். வேலை போனால் வீடு, முகவரி, அக்கம்பக்கம் எல்லாம் சேர்ந்து போகும். அந்த வீட்டில் இருப்பதற்காகவே நிர்வாகத்துக்கு ஒரு கை வேண்டும் என்று என் அண்ணி தோட்டத்தில் பெயர் பதிந்தார். அவருக்கு அந்த வேலையில் விருப்பமே இல்லை.

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று எங்கள் பாடியில் கேட்டுப் பாருங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, நிரந்தரமா தற்காலிகமா என்று மூச்சுவிடாமல் விடை வரும். அந்த விடை வீட்டுச் சாவியோடு கட்டப்பட்டது.

குன்னூர் பழைய கணக்கு

நான் தோட்டங்களில் களக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் போன்ற இருவரும் எழுதியதைப் படித்தபின் எனக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறிது நீளும்.

முதலாவது, கூலி. 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, சம்பாதிப்பவர் ஒருவரை நம்பி மூன்று நுகர்வு அலகுகள், அதாவது மூன்று பெரியவர்களுக்குச் சமமான தேவை, இருப்பதாகக் கொண்டு குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட வேண்டும் என்றது. மனைவி, பிள்ளைகளின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொன்னது. ஆனால் தோட்டங்களில் கணவனும் மனைவியும் இருவருமே வேலை செய்கிறார்கள் என்பதால், ஒருவருக்கு ஒன்றரை அலகு போதும் என்ற வாதத்தைத் தேயிலை முதலாளிகள் வைத்தார்கள். தேயிலைத் தொழிலாளர்களைப் பற்றி நெடுங்காலம் எழுதிய சமூகவியலாளர் சரித் பௌமிக் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார். மற்றத் தொழில்களில் பெண் வேலை செய்யவில்லை என்று கருதிக் கூலியை நிர்ணயித்தார்கள். இங்கே பெண் வேலை செய்கிறாள் என்பதையே காரணமாகக் காட்டி இருவர் கூலியையும் குறைத்தார்கள். எண்கணக்கன் அவர்களே, எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பாததற்கு இதுதான் காரணம். இந்தப் பெண்கள் தொடக்கம் முதலே எண்ணப்பட்டவர்கள்.

இரண்டாவது, கருவி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கையால் பறிப்பது மட்டும்தான். "பெண்களின் விரலுக்குத்தான் கொழுந்து வசப்படும், ஆணின் கை முரடு" என்று எங்கள் துரைமார் சொல்வார்கள், நாங்களும் அதைக் கிளிப்பிள்ளை போலச் சொல்லுவோம். கவ்வாத்து, உரம், மருந்தடிப்பு, தொழிற்சாலை ஆகியவை ஆண்களுக்கு. பிறகு ஆள் பற்றாக்குறை வந்தது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். கைக்கத்திரி வந்தது, பெண்களே அதையும் பிடித்தார்கள். அதன் பின் மோட்டார் பொருத்திய அறுவடை இயந்திரம் வந்தது. அது வந்த வாரத்திலேயே ஆண்கள் நிறைக்குள், அதாவது செடி வரிசைக்குள், இறங்கினார்கள். இயந்திரத்தைப் பிடித்தவனுக்கு "ஆபரேட்டர்" என்ற பெயரும் ஒரு படித்தொகையும் கிடைத்தன. பின்னால் சாக்கைப் பிடித்து நடந்த பெண்ணுக்கு எந்தப் பெயரும் இல்லை. கொழுந்து பறிப்பது பெண்ணின் இயல்பு என்று அதுவரை சொன்ன அதே வாய்கள், மலைச்சரிவில் இயந்திரம் சுமப்பது ஆணின் இயல்பு என்று மறுநாள் சொன்னதை என் காதால் கேட்டேன். சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்கவில்லை.

இப்போது ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பக்கத்திலிருந்து குடும்பமாக வந்து தங்கிப் பறிக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியை எந்த மொழியில் கேட்பீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

ஊட்டி வாசகர்

சொல்லைப் பற்றிப் பேசுவதால் ஒன்று. 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கிய திட்டத்துக்கு "உதவித் தொகை" என்று பெயரிடாமல் "மகளிர் உரிமைத் தொகை" என்றே பெயரிட்டார்கள். வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா வேலைக்கான ஏற்பு என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கணவன் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்பும் இருக்கிறது என்று கூறி அவருக்குச் சம பங்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. சொல் மாறினால் சட்டமும் மாறும் போலிருக்கிறது. ஆயிரம் ரூபாய் போதுமா என்பது வேறு வழக்கு.

மலைப்பாதை

இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. குன்னூர் ஐயா சொன்ன விரல் கதை ஆய்வுலகில் நன்கு அறியப்பட்ட ஒன்று. டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் உலகச் சந்தைக்கான தொழிற்சாலைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் கேட்டார்கள். பெண்களின் விரல் நளினம் பிறவியில் வருவதில்லை; தையல், சமையல், சுத்தம் என்று சிறு வயது முதல் வீட்டில் கொடுக்கப்படும் பயிற்சியில் வருவது. அந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் கிடையாது, அதனால் அது "திறன்" என்று எழுதப்படுவதில்லை, அதனால் கூலியும் குறைவு. மின்னணுப் பொருள்களையும் ஆடைகளையும் பற்றி அவர்கள் எழுதியது நம் சரிவில் அப்படியே பொருந்துகிறது. பத்து வயதில் அம்மாவின் பின்னால் நிறைக்குள் நடந்து பழகியவருக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்?

ஹட்டி அக்கா சொன்ன விறகுக் குச்சியும் என்னை விடவில்லை. நாட்டின் வருமானத்தைக் கணக்கிடும் பன்னாட்டு நெறிமுறைப்படி விறகு பொறுக்குவதும் தண்ணீர் சுமப்பதும் உற்பத்திக்குள் வரும் செயல்கள். நம் வேலைவாய்ப்பு ஆய்விலோ, வீட்டு வேலையோடு இவற்றையும் செய்பவருக்கு 93 என்று ஓர் எண் கொடுத்து, உழைக்கும் மக்கள் தொகைக்கு வெளியே நிறுத்துகிறார்கள். ஒரே விறகுக்கட்டு ஓர் ஏட்டில் உள்ளே, மற்றோர் ஏட்டில் வெளியே.

கூடலூர் ஆசிரியர்

இழையில் இதுவரை மூன்று மலைகள் பேசிவிட்டன. நான்காவதை யாரும் குறிப்பிடவில்லை. எங்கள் பள்ளிக்கு வரும் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் பிள்ளைகளின் தாய்மார் கூலிக்கும் போகிறார்கள், காட்டுக்குள் கிழங்குக்கும் கீரைக்கும் போகிறார்கள். கூலிக்குப் போவது கௌரவக் குறைவு என்ற எண்ணத்தை நான் அவர்களிடம் கண்டதில்லை. பணியர் பல தலைமுறைகள் நிலவுடைமையாளர்களிடம் கட்டுண்டு உழைத்தவர்கள். அன்றைக்கு நினைத்தால் போவது, நினைக்காவிட்டால் போகாதிருப்பது என்ற உரிமையே அவர்களுக்குப் பெரிதாக இருக்கிறது. தோட்டக்காரர்கள் அதைச் "சோம்பல்" என்று எழுதிவைப்பார்கள். நிரந்தரப் பதிவேட்டில் பெயர் இருப்பது பந்தலூர் சகோதரிக்குப் பாதுகாப்பு. இவர்களுக்கு அதே பதிவேடு பழைய கட்டை நினைவூட்டும்.

அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதியபோது அவர் முன் இருந்தது வேலை தொடர்பான வழக்குகள்தான். கருப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்காத நிறுவனம், பெண்களை எடுத்திருக்கிறோம் என்று வெள்ளையினப் பெண்களைக் காட்டியது, கருப்பினத்தவரை எடுத்திருக்கிறோம் என்று ஆண்களைக் காட்டியது. இரண்டு பட்டியலிலும் இல்லாதவர்கள் நடுவில் விழுந்தார்கள். "நீலகிரிப் பெண்" என்று ஒரே தலைப்பில் எழுதினால் அதேதான் இங்கும் நடக்கும்.

தோடர் பெண்களின் பூவேலையைப் பாருங்கள். வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணியே, வரைபடம் ஏதுமின்றி, சிவப்பும் கருப்புமான நூலால் பின்னுவது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தன் வீட்டுச் சடங்குக்குப் பின்னினால் அந்தப் பெண் 93. ஊட்டிக் கடைக்குப் பின்னினால் 11, அதாவது சுயதொழில் செய்பவர். ஒரே போர்வையைப் பாதி பின்னும்வரை எதற்கு என்று அவருக்கே முடிவாகாத நாளில் ஆய்வாளர் வந்தால் என்ன எழுதுவாரோ தெரியாது. கோத்தர்களிடையே மண்பாண்டம் வனைவது பெண்களின் தொழில். சக்கரம் சுற்றும் குயவர் ஆண் என்ற சமவெளிப் பழக்கத்தோடு மலைக்கு வருபவர் அங்கேயும் முதலில் ஆணைத்தான் தேடுவார்.

பந்தலூர் பாடி

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண்கள் தெருவில் இறங்கி, போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்தபோது தங்களுக்கு "பொம்பிளை ஒருமை" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சங்கத் தலைவர்களாக இருந்த ஆண்களைப் பக்கத்தில் விடவில்லை. 20 சதவீதத்தை வாங்கிய பிறகே எழுந்தார்கள். எங்கள் பாடியில் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பார்த்தோம். "தொழிலாளி" என்ற சொல்லோடு "பொம்பிளை" என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லலாம் என்பதை அம்மா அன்றுதான் பார்த்ததாகச் சொன்னார். அதுவரை சங்கம் என்றால் சந்தா கொடுப்பது பெண், மேடையில் பேசுவது ஆண்.

அதேபோல், தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஆண் தொழிலாளியின் குடும்பத்துக்கும் பெண் தொழிலாளியின் குடும்பத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு 2010 திருத்தத்தில்தான் நீங்கியது. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருந்தும், சட்டம் "தொழிலாளி" என்று சொன்னபோது ஆணைத்தான் நினைத்திருந்தது.

எண்கணக்கன்

நான் முதலில் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். எண்ணிக்கையில் சேர்ப்பதும் மதிப்பைக் கொடுப்பதும் வேறு வேறு என்று குன்னூர் ஐயா காட்டியது சரியே.

ஆனாலும் அளவை இல்லாமல் பேச முடியாது. "வேலை" என்ற சொல்லையே தவிர்த்துவிட்டு, நேரத்தைக் கேட்பது ஒரு வழி. தேவகி ஜெயின் 1970களில் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் அப்படிச் செய்து, கணக்கெடுப்பில் விடுபட்ட பெண்களின் உழைப்பைக் காட்டினார். இப்போது தேசிய அளவிலும் நடக்கிறது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள், ஆண்கள் 88 நிமிடங்கள். 2019இல் அது 299, 97. இருவருக்குமே சிறிது குறைந்திருக்கிறது, இடைவெளி அசையவில்லை. முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதல் அன்று அதிகாலை 4 மணி வரை அரைமணி அரைமணியாகக் கேட்பதே முறை. உங்கள் நான்காவது கேள்விக்குப் பதிலாக இதை வைக்கலாம்.

ஹட்டிப் பெண்

எண்கணக்கன் ஐயா சொன்னதை நேற்று மாலை என் மாமியாரிடம் சோதித்துப் பார்த்தேன். "நேற்று அதிகாலை எழுந்தது முதல் என்னென்ன செய்தீர்கள் அம்மா?" என்றேன். சிரித்துவிட்டு, "எந்த நாளைக் கேட்கிறாய்? இலை நாளா, இலை இல்லாத நாளா?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். சிறு தோட்டத்தில் ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி உண்டு. இலை நாளில் அடுப்படி வேலை முழுவதும் விடியலுக்கு முன்பே முடிந்துவிடும், மதியச் சோறு தோட்டத்து மேட்டில். இலை இல்லாத நாளில் மாடு, களை, துணி, உறவுக்காரர் வீட்டுச் சாவு, கோயில் எல்லாம். மழைக்குப் பின் கொழுந்து தள்ளும் மாதங்களில் நாள்தோறும் இலை நாள்தான். பனி கருக்கும் டிசம்பர், ஜனவரியில் செடியே உறங்கும். காட்டெருமைக் கூட்டம் தோட்டத்துக்குள் படுத்திருந்தால் இலை நாளும் இலை இல்லாத நாளாகிவிடும். இதில் எந்த நாளை என் நாளாக எழுதுவீர்கள்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023இல் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு எங்கள் மக்கள் போராடியபோது, ஒரு கிலோ இலைக்கு ஆகும் செலவை ஆண்கள் கணக்குப் போட்டார்கள். உரம், மருந்து, கூலி ஆகியவற்றோடு குடும்பத்து உழைப்பையும் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அரசு நெல்லுக்கும் கோதுமைக்கும் செலவு கணக்கிடும்போது குடும்ப உழைப்பு என்று ஒரு வரி வைக்கிறதே, அதைப் போல. நியாயமான பேச்சு. அந்த வரி யாருடைய உழைப்பு என்று நான் கேட்டேன். "நம் குடும்பத்துடையது" என்றார். விலையைக் கேட்கும்போது என் உழைப்பு செலவாகிறது, பணம் வரும்போது அது குடும்பமாகிவிடுகிறது. நாட்டில் நிலத்தை நடத்துபவர்களாகப் பதிவானவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று 1989லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஹட்டியில் மகளுக்குப் பிரித்துக் கொடுத்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அந்த விரல்களையும் நான் இன்னும் முழுதாக மடக்கவில்லை.

எண்கணக்கன்

மாமியார் அம்மாவின் கேள்வி மாதிரி எடுப்பதன் அடிப்படையைத் தொடுகிறது. தேசிய ஆய்வில் பல்லாயிரம் வீடுகளை ஆண்டு முழுவதும் பரப்பிக் கேட்பதால், ஒருவரின் இலை நாளும் இன்னொருவரின் ஓய்வு நாளும் சேர்ந்து சராசரி சரியாகிவிடும். அந்தச் சராசரி எந்தத் தனிப் பெண்ணின் நாளாகவும் இருக்காது, அதனால் தவறில்லை. ஆனால் மலைப்பாதை போன்று சில பத்து வீடுகளுக்கு மட்டும் செல்பவர், ஒரே பருவத்தில் ஒரே ஒரு நாளைக் கேட்டால் படம் கோணலாகிவிடும். இரண்டு வகை நாள்களையும் தனித்தனியாகக் கேட்டு, மாதத்தில் எது எத்தனை நாள் என்பதையும் கேட்க வேண்டும்.

மலைப்பாதை

அப்படியே மாற்றிவிட்டேன். நான்காவது கேள்வி இப்போது படிவத்தில் இல்லை. அதன் இடத்தில் இரண்டு தாள்கள், ஒன்று இலை நாளுக்கு, மற்றது இலை இல்லாத நாளுக்கு. பந்தலூர்ப் பாடிகளில் இதே தாள்களுக்கு வேலை நாள், விடுமுறை நாள் என்று பெயர். கூடலூரில் ஆசிரியர் ஐயாவின் உதவியோடு, கூலிக்குப் போன நாள், காட்டுக்குப் போன நாள் என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன். "உங்களை எப்படி எழுதிக்கொள்ளட்டும்?" என்ற கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறேன், நேரத்தையெல்லாம் சொல்லி முடித்த பிறகு. அந்த இடத்தில் எண்ணைப் போடாமல் அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுவேன். 21ஐயும் 92ஐயும் பிறகு நானே என் மேசையில் போட்டுக்கொள்கிறேன்.

முதலில் சந்தித்த அந்த அம்மாவிடம் நேற்று திரும்பப் போனேன். இரண்டு தாள்களையும் நிரப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை எழுந்து போய் மாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். கடைசிக் கேள்விக்குச் சற்று யோசித்துவிட்டு, "வீட்டில் இருக்கிறேன் என்றே எழுதிக்கொள். ஆனால் இந்த இரண்டு தாளையும் அதோடு சேர்த்துக் கட்டு" என்றார்.

ஹட்டிப் பெண்

எங்கள் ஹட்டிக்கு வருவதானால் செவ்வாய்க்கிழமை வேண்டாம். அன்று எங்களுக்கு இலை நாள்.